இரண்டாவது டப்பா

"ஆபீஸர் வந்தா நான் பேசிக்கிடுதேன். நீ அடுப்படியை விட்டு வெளிய வரக் கூடாது, ஆமா."

ஐயாதுரை இதைக் கேசரிச் சட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பட்டாளத்தில் இருந்தவரை நாட்டு எல்லையில் காவல் நின்றவர், ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து தன் வீட்டு வாசலில் காவல் நிற்கிறார். எல்லையிலாவது காவலை மாற்றிவிட ஆள் வரும். வாசலில் அவர் ஒருவரே.

ஆனந்தவல்லி கரண்டியை நிறுத்தாமல் கிண்டினாள்.

"நேத்தே போன் பண்ணிக் கேட்டேன் அத்தான். நாளைக்கு வாங்கன்னு சொல்லிப் பாத்தேன். இன்னைக்கோட விசாரணை முடியுதாம். நாளைக்கு எல்லாத்தையும் விருதுநகருக்கு அனுப்பிருவாகளாம்."

"அனுப்பட்டும். உம் பேரு இல்லாம அனுப்பட்டும்."

"பானுவுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். இந்த மாசத்தைத் தாண்டுனா பேரை எடுத்துருவாக."

"அவளுக்கு எதுக்கு இனிமே காலேஜு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அவிய இப்ப பூ வைக்க வாராக. மாப்பிள்ளை போலீஸு. அவிய நம்மகிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, வீட்டுப் பொம்பளைக கம்பெனி, மில்லுன்னு வெளிய போனவுகளான்னு. இல்லைன்னு வாக்குக் குடுத்துருக்கேன். என் வாக்கைப் பொய்யாக்கிப்புடாத."

அவள் அதைப் பொய்யாக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாக்கு பிறக்கும்போதே பொய்யாகத்தான் பிறந்தது. பதினோரு வருஷமாக ஆனந்தவல்லி சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள் என்பது ஐயாதுரைக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமைதோறும் அவள் கொண்டுவந்த கூலிக் கவரை அவர் மனைவி குருவம்மாள்தான் கை நீட்டி வாங்கினாள். அந்தக் கவரில்தான் இந்த வீட்டு உலை கொதித்தது. பட்டாளத்துப் பென்ஷன் கேண்டீன் பாட்டிலுக்கும் ஊர்ப் பெரிய மனிதன் என்கிற மிடுக்குக்குமே சரியாக இருந்தது.

கணவன் தங்கச்சாமி லாரியோடு கோவில்பட்டி ரோட்டில் கவிழ்ந்து போனபோது பானுப்பிரியா மூன்றாம் வகுப்பில் இருந்தாள். நிலம் பங்கு பிரிக்காத கரட்டு நிலம். கேட்டால் "பொறவு பாக்கலாம்" என்பார் ஐயாதுரை. அந்தப் 'பொறவு' இன்றுவரை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது. கம்பெனிக்குப் போகிறேன் என்று ஆனந்தவல்லி கேட்டபோது ஐயாதுரை ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் சம்மதித்தார். ஒரே நிபந்தனைதான். தெருவுக்குத் தெரியக் கூடாது.

அதற்கு ஒரு கதையும் அவரே கட்டினார். இராஜபாளையத்தில் குருவம்மாளின் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டில் தையல் பள்ளிக்கூடம் நடக்கிறது, ஆனந்தவல்லி அங்கே டீச்சர். அந்த ஒன்றுவிட்ட அக்காளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. தன் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிற விஷயமும் தெரியாது. தெரு நம்பியது. 'டீச்சர்' என்று கூப்பிட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தால், ஆனந்தவல்லி அதை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டெய்லரிடம் தைத்து வாங்கி வந்து, தன் கைவேலை என்று நீட்டுவாள். கூலி தன் கையிலிருந்து போகும். கௌரவம் என்பது அந்த வீட்டில் அவ்வளவு செலவு பிடித்த விஷயமாக இருந்தது.

கதையில் ஒரு ஓட்டை இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவள் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டா போவாள்? அதைத் தெருவில் ஒருத்தி பார்த்தால் போதும், "அங்க ஒரு வாய் சோறு போட மாட்டாகளா டீச்சர்?" என்று கேட்டுவிடுவாள். அதனால் டப்பா கூடாது என்று குருவம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனந்தவல்லி கைப்பையும் குடையுமாக வெறும் வயிற்றோடு பஸ் ஏறினாள். கம்பெனி இருந்த காட்டுக்குள் ஒரு டீக்கடைகூடக் கிடையாது.

முதல் சில நாள் மத்தியான மணி அடித்ததும் அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, விரதம் என்றாள். அவளோடு ஒரே மேசையில் பேண்டேஜ் உருட்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்த மாரியாத்தாள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கெழமை சரி. செவ்வாயும் சரி. புதன்கெழமை விரதம் எந்தச் சாமிக்குக்கா?" என்று கேட்டாள்.

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் மாரியாத்தாளின் ஒயர் கூடையில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்றை இவள் பக்கம் தள்ளிவிட்டு அவள் தன் டப்பாவைத் திறந்தாள். வா என்றோ தின் என்றோ சொல்லவில்லை. ஆனந்தவல்லி அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியாத்தாள் அதே ஊர்க்காரிதான், ஆனால் ஊருக்குக் கிழக்கே காலனியில் இருப்பவள். காலனித் தண்ணீர்கூடத் தன் வீட்டு வாசல் ஏறியதில்லை என்பது ஆனந்தவல்லிக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. அன்று தின்றாள். அதற்கப்புறம் பதினோரு வருஷம் தின்றாள்.

காலனிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் காலனி பேசுவதை ஊர் காதில் வாங்குவதில்லை. ஆகவே ரகசியம் பத்திரமாக இருந்தது. ஊரிலிருந்து புறப்படும் டவுன் பஸ்ஸில் இவள் முன்னால் இருப்பாள், அவள் பின்னால் நிற்பாள், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. இராஜபாளையத்தில் கம்பெனி வேனில் ஏறிய பிறகே பேச்சு ஆரம்பிக்கும்.

சாயங்காலம் வீடு திரும்பினால் கொல்லைப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் தயாராக இருக்கும். கண்ட சனங்களோடு ஒட்டி உரசி வேலை பார்த்துவிட்டு வருகிறவள், தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்பது குருவம்மாளின் சட்டம். ஆனந்தவல்லி மறுத்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஆரம்பத்தில் அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மத்தியானம் எங்கே சாப்பிட்டாய் என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனிதான் இப்போது மூடிக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பேண்டேஜ் துணி பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடியில் வந்து இறங்குகிறது, நாம் நூல் வாங்குகிற விலைக்கு அவன் துணியாகவே தருகிறான் என்று மேனேஜர் விளக்கம் சொன்னார். முதலில் ஒரு ஷிப்டு நின்றது. அப்புறம் தறி நின்றது. கடைசியில் கேட்டைப் பூட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டதைத் தவிர வேறு எதுவும் தரவில்லை.

இப்படி இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு நிவாரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை, பிள்ளைகளின் காலேஜ் கட்டணம். கம்பெனியோ பெண்களை அன்றாடக் கூலியாகவே வைத்திருந்தது. பேர் எங்கும் பதிவில்லை. ஆகவே அதிகாரி வீடு வீடாக வந்து விசாரிப்பார், கூட வேலை பார்த்தவர் ஒருவரும் வீட்டுத் தலைவரும் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். கூட வேலை பார்த்தவள் மாரியாத்தாள். வீட்டுத் தலைவர் ஐயாதுரை. பதினோரு வருஷம் ஒரு பொம்பளை உழைத்ததை ஒரு ஆம்பளை வாயால் சொன்னால்தான் சர்க்கார் நம்புமாம். அந்த வாய்தான் இப்போது கேசரிச் சட்டிக்கு உத்தரவு போட்டுவிட்டு வாசலுக்குப் போனது.

*

மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பாண்டிதுரை, அவர் மனைவி, பூத்தட்டு ஏந்திய நாலைந்து பெண்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. தாயார் இடத்தில் குருவம்மாள் பட்டு கட்டிக்கொண்டு நின்றாள். பெற்ற தாய் அடுப்படியில் இருந்தாள். மகளுக்குப் பூ வைக்கிற நேரத்தில், தாலி இழந்தவள் கண்ணில் படக் கூடாதாம். பத்து மாசம் சுமந்தபோது மட்டும் யாரும் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லவில்லை.

பானுப்பிரியா பட்டுச் சேலையோடு அடுப்படிக்குள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, அந்த ஆபீஸர் வருவாங்களா?"

"வருவாக."

"நீ சொல்லுவியா?"

ஆனந்தவல்லி முந்திரியை நெய்யில் போட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்மா. கணக்குல நாந்தான் காலேஜ்ல முதல்ல வாரேன். அதை முடிச்சிட்டா யாரு வீட்டுலயும் நாம கை ஏந்த வேண்டாம்."

"சொன்னா இந்த வீட்டுல இருக்க விடுவாகளா ஏட்டி? வயசுப் புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போயி நிப்பேன்?"

கூடத்திலிருந்து பெரியம்மா குருவம்மாள் கூப்பிட்டாள். பானுப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆனந்தவல்லி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி, உன் மகள் கேட்பது நகையா, நட்டா? ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு நாக்கு இல்லையே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஏசிக்கொண்டாளே தவிர, கால் நகரவில்லை.

கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு கேட்பது கேட்டது.

"கேசரி பக்குவமா இருக்கே, யாரு கிண்டுனது?"

"நாந்தான் மதினி," என்றாள் குருவம்மாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

*

அடுப்படியின் பக்கத்து ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. ஆனந்தவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருவாய் ஆய்வாளர் வெங்கடேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினார். நடுத்தர வயது, வெயிலில் அலைந்து கறுத்த முகம். ஐயாதுரை வேகமாகப் போய் கேட்டருகிலேயே அவரை மறித்துக்கொண்டார்.

"தங்கச்சாமி மனைவி ஆனந்தவல்லி. இந்த வீடுதானே சார்?"

"வீடு இதான். ஆனா கம்பெனிக்குப் போன ஆளு இங்க யாரும் கெடையாதும்மா. எங்க வீட்டுப் பொம்பளைக கம்பெனிக்குப் போற வழக்கமே இல்ல. இங்க இருக்க ஆனந்தவல்லி தையல் டீச்சரு. தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக."

வெங்கடேஸ்வரி திரும்பித் தெரு முனையைப் பார்த்துக் கை காட்டினார்.

"மாரியாத்தா, இங்க வாங்க."

டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் ஒயர் கூடையோடு நின்ற மாரியாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கழற்று என்று இந்தக் காலத்தில் யாரும் சொல்வதில்லை. அந்தத் தெருவுக்குள் வரும்போது கால் தானாகச் செய்துவிடுகிற வேலை அது.

"உங்ககூட வேலை பார்த்த ஆனந்தவல்லி வீடு இதுதான்னு நேத்து ஆபீஸ்ல சொன்னீங்க. சார் இல்லைங்கிறாரு."

மாரியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் கார் நின்றது. வராந்தாவில் புதுச் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில் பூத்தட்டும் பட்டுச் சேலைகளும் தெரிந்தன. நடப்பது என்ன என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இல்ல மேடம். ஆளு மாறிப் போச்சு. நான் சொன்ன ஆனந்தவல்லி வேற. இந்த அம்மாவை எனக்குத் தெரியாது."

ஜன்னலுக்குப் பின்னால் ஆனந்தவல்லி கம்பியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா பேசுறீங்க? அடையாளம் எல்லாம் சொல்லித்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் மேடம்."

"தெரிஞ்சுதான் பேசுறீங்களா? பொய் சாட்சின்னு நான் எழுதினா உங்க மனுவும் அதோட சேர்ந்து போயிடும். உங்களுக்கும் கிடைக்காது."

மாரியாத்தாள் கூடையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் பால்ச்சாமி நூல் மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி இப்போது கட்டிலில் கிடக்கிறார். இருமல் வந்தால் காலனிக்கே கேட்கும். இந்தப் பணத்தை நம்பித்தான் மருந்துக் கடையில் கடன் சொல்லி வைத்திருக்கிறாள். அது ஆனந்தவல்லிக்குத் தெரியும்.

"போனாப் போகுது மேடம்," என்றாள் மாரியாத்தாள். "எழுதிக்கோங்க."

ஐயாதுரைக்குப் புது பலம் வந்துவிட்டது.

"பாத்தீகளாம்மா? பணம்னு சொன்னதும் கண்ட கழுதையும் சாட்சி சொல்ல வந்துருது. ஏட்டி, மொதல்ல தெருவை விட்டுப் போ. நல்ல காரியம் நடக்க எடத்துல வந்து நிக்கா."

மாரியாத்தாள் திரும்பி நடந்தாள். வெறுங்காலில், சுடுகிற சிமெண்டு ரோட்டில்.

ஆனந்தவல்லி அடுப்பை அணைத்தாள். அப்புறம் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

கூடத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். நெற்றியில் பொட்டில்லாத ஒருத்தி நடுக்கூடத்தில் வருவதைப் பார்த்ததும் ஒரு பெண் பூத்தட்டை முந்தானையால் மூடினாள். குருவம்மாள் "ஏட்டி, ஏட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். ஆனந்தவல்லி வாசற்படியில் வந்து நின்றாள்.

"மாரி, நில்லு."

மாரியாத்தாள் நின்றாள். திரும்பவில்லை.

"நீங்க யாரு?" என்றார் வெங்கடேஸ்வரி.

"நாந்தான் மேடம் ஆனந்தவல்லி."

"நீங்க கம்பெனியில வேலை பார்த்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஐயாதுரை குறுக்கே வந்தார்.

"புருசன் போனதுல இருந்து அவளுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல மேடம். என்னத்தையாவது சொல்லுவா. அந்தப் பொம்பளையே தெரியாதுன்னு சொல்லிட்டாள்ல? அப்பறம் என்ன?"

வெங்கடேஸ்வரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாரியாத்தாளைக் காட்டி, "அவங்க உங்களைத் தெரியாதுங்கிறாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார்.

கூடத்துப் பெண்கள் எழுந்து நிலைப்படிக்கு வந்துவிட்டார்கள். பாண்டிதுரையும் வந்து நின்றார். அவர்களுக்குப் பின்னால் பானுப்பிரியாவின் முகம் தெரிந்தது.

"தெரியுமாவா?" என்றாள் ஆனந்தவல்லி. "பதினோரு வருசமா மத்தியானம் இவ பொங்குன சோத்தைத்தான் தின்னேன் மேடம். வேலைக்குப் போன ஒரு நாளுகூட வெறும் வயித்தோட இவ என்னைய விட்டதில்ல. இந்த வீட்டுல இருந்து எனக்கு ஒருநாளும் டப்பா கட்டிக் குடுத்தது கெடையாது. தெருவையே கேட்டுப் பாருங்க, நான் டப்பா கொண்டு போயி யாராவது பாத்துருக்காகளான்னு. அப்ப நான் எங்க சாப்பிட்டேன்? இவ வீட்டுச் சோத்தைத்தான் சாப்பிட்டேன்."

மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த தம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். விஷத்தைக் குடித்தவள் மாதிரி உதட்டைத் துடைத்தாள்.

ஐயாதுரை திரும்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அவ வீட்டுச் சோத்தையா தின்ன? ஏட்டி, உன்னைய வேலைக்குத்தானே அனுப்புனேன்? கூட ஒக்காந்து திங்கவா அனுப்புனேன்? பதினோரு வருசம் உன்னையக் கம்பெனிக்கு அனுப்பி வச்சது இந்த லச்சணத்துக்குத்தானா?"

வெங்கடேஸ்வரி பேனாவைத் திறந்தார்.

"வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே சார்? பதினோரு வருஷம் கம்பெனிக்கு அனுப்பினீங்க. அதைத்தான் கேட்டேன். போதும்."

ஐயாதுரைக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதும் உறைக்கவில்லை. அந்த வேலை விஷயம் அவர் நினைவிலேயே இல்லை. பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த பொய் கேட்டருகில் உடைந்து கிடந்தது. அதைக் குனிந்து பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை. எல்லோருக்கும் சோறுதான் பெரிதாக இருந்தது.

"கேசரி யாரு கிண்டுனது?" என்று மறுபடியும் கேட்டாள் மாப்பிள்ளையின் தாயார்.

"நாந்தான்," என்றாள் குருவம்மாள்.

"அப்ப அவ அடுப்படியில இம்புட்டு நேரம் என்ன செஞ்சா?"

பூத்தட்டுகள் ஒவ்வொன்றாகக் காருக்குத் திரும்பின. பாண்டிதுரை கடைசியாக வந்து ஐயாதுரையின் தோளில் கை வைத்தார். வருத்தம் உண்மையான வருத்தம்தான்.

"வேலைக்குப் போனதைக்கூட விட்டுத் தள்ளலாம்ணே. காலம் மாறிப் போச்சு. எங்க வீட்டுக்கு வார மருமகளையே எங்கயாவது வேலையில சேத்து விடலாம்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம். ஒருத்தர் சம்பளத்துல இப்ப எந்தக் குடும்பம் ஓடுது? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது அது. ஆனா இது அப்படி இல்லல்ல."

கார் போய்விட்டது.

வெங்கடேஸ்வரி ஸ்கூட்டரைத் திருப்பும்போது ஆனந்தவல்லியிடம் மெதுவாகச் சொன்னார்: "மாரியாத்தா நேத்து ஆபீஸ்ல சொன்னதையே எழுதிக்கிட்டேன், ரெண்டு பேர் மனுவையும் இன்னைக்கே அனுப்புறேன். எப்ப வரும், முழுசா வருமான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா. காலேஜ்ல போய் அவகாசம் கேட்டுப் பாருங்க."

ஐயாதுரை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீசை அப்படியேதான் இருந்தது. ஆள்தான் சுருங்கிப் போயிருந்தார்.

"சோறு போட்டவ வீட்டுக்கே போயிக்கோ," என்றார். மறுபடியும் முகத்தைப் பார்க்காமல்.

*

பஸ் ஸ்டாப் ஊருக்கு நடுவே, டீக்கடைக்கு எதிரே இருந்தது. ஆனந்தவல்லி ஒரு துணிப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலையை மாற்ற நேரமில்லாமல் பானுப்பிரியா பக்கத்தில் இருந்தாள், மடியில் காலேஜ் புத்தகங்கள். மாரியாத்தாள் கொஞ்சம் தள்ளித் தரையில் குந்தியிருந்தாள்.

"எங்கம்மா போறோம்?"

"தெரியல. இராஜபாளையத்துக்குப் போயி இறங்குவோம். மொதல்ல உன் காலேஜ்ல கேப்போம்."

"எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடத்தான் நெனைக்கேன்," என்றாள் மாரியாத்தாள். "கூப்பிட்டா ஊருல இன்னொரு சண்டை வரும். எங்க சனத்தையும் சேத்துல்ல அடிப்பாக."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டீக்கடையில் இருந்த ஆண்கள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியாத்தாள் தயங்கித் தயங்கிக் கூடையைத் திறந்தாள். உள்ளே இரண்டு டப்பா இருந்தது.

"கம்பெனி மூடுனதுக்குப் பொறவும் ரெண்டா கட்டுத?" என்றாள் ஆனந்தவல்லி.

"காலையில பொங்குனா கை தன்னால ரெண்டைத்தான் எடுக்கு. எங்க வீட்டு ஆளு ஏசத்தான் செய்யுதாக." கூடையை மூடப் போனாள். "இங்க வேண்டாம்க்கா. அம்புட்டுப் பேரும் பாக்காக. கம்மாக் கரைக்குப் போயிருவோம்."

"பாக்கட்டும். இங்கயே தொற. நீயும் மேல ஏறி ஒக்காரு."

மாரியாத்தாள் டீக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறும் கத்தரிக்காய் வதக்கலும். பசியில் பானுப்பிரியாதான் முதலில் கையை விட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டவள் ஏதோ நினைவு வந்தவளாக நிறுத்தினாள்.

"அம்மா, சாயங்காலம் வந்ததும் கொல்லையிலேயே தலைக்கு ஊத்திட்டுத்தானே உள்ள வருவ? தூசின்னு சொல்லுவியே."

ஆனந்தவல்லியின் கை சோற்றிலேயே நின்றது. அந்த வாளியைப் பற்றி மாரியாத்தாளிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"தூசிதான் தாயி," என்று மாரியாத்தாள் அவசரமாக முந்திக்கொண்டாள். "பஞ்சுத் தூசி லேசுல போவாது. நானும் வீட்டுக்குப் போனதும் குளிக்கத்தான் செய்வேன்."

"தூசிக்கு இல்ல மாரி," என்றாள் ஆனந்தவல்லி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "தூசிக்கு ஊத்தல."

மாரியாத்தாள் டப்பாவை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"தெரியும்க்கா. பஸ்ஸு வந்துரும், சாப்பிடு."